ஆர்எக்ஸ் 100: முன்பக்கம் அமுங்கினால் கெட்டி ஆயில் மருந்தா?

கேள்வி: 1994 யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் வைத்திருக்கிறேன். பிரேக் பிடித்தால் முன்பக்கம் அப்படியே அமுங்குகிறது. குழியில் இறங்கினால் போர்க் (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரட்டைக் குழாய்) கடைசி வரை போய் 'டங்' என்று இடிக்கிறது. ஒரு மெக்கானிக் போர்க்குக்குள் கெட்டியான 20 நம்பர் ஆயில் ஊற்றச் சொல்கிறார், இன்னொருவர் ஸ்பிரிங் மேல் வாஷர் போடச் சொல்கிறார். திருகி அட்ஜஸ்ட் செய்ய இந்தப் போர்க்கில் எதுவும் இல்லையே, என்ன செய்வது?

பதில்: திருகு இல்லாவிட்டாலும் இந்தப் போர்க்கை அட்ஜஸ்ட் செய்யலாம். வண்டியின் பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். அது ஏறி இறங்கும் வேகத்தை மட்டுப்படுத்துவது ஆயில். உங்கள் வண்டியில் அமுங்குவது பாரத்தால். அதற்கு ஆயிலைக் கெட்டியாக்கினால் நோய் ஒன்று, மருந்து வேறு என்றாகிவிடும்.

அந்தக் கால போர்க்குகளுக்குள் ஒரு சின்ன குழாய் உண்டு, அதில் சில துளைகள். சக்கரம் ஏறி இறங்கும்போது ஆயில் அந்தத் துளைகள் வழியாகத்தான் போய் வர வேண்டும். சக்கரம் ஏறும் வேகம் இரண்டு மடங்கானால் ஆயில் காட்டும் எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். பிரேக் பிடிக்கும்போது போர்க் மெதுவாகத்தான் இறங்கும், அங்கே ஆயிலுக்குப் பெரிய வேலையில்லை. கூர்மையான குழியில் சக்கரம் சட்டென்று ஏறும்போதோ கெட்டி ஆயில் கல் மாதிரி நிற்கும், அடி நேராக மணிக்கட்டுக்கு வரும். போதாக்குறைக்கு, அமுங்கிய போர்க் மீண்டு வரவும் நேரமெடுக்கும். டோல்கேட்டுக்கு முன்னால் வரிசையாகப் போட்டிருக்கும் பட்டைகளில் ஓட்டினால் ஒவ்வொன்றுக்கும் இன்னும் கொஞ்சம் கீழே போய், கடைசியில் இடிக்கும்.

அதனால் ஆயில் நம்பரை கடைசியாகப் பார்ப்போம். முதலில் 'டங்' எங்கிருந்து வருகிறது என்று உறுதி செய்யுங்கள். முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி வைத்து, போர்க்கின் அடிப்பகுதியை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஹேண்டில் கழுத்தில் 'லொடக்' என்றால் கோன் செட் (ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங்) தளர்ந்திருக்கிறது. போர்க் சத்தம் என்று என் பட்டறைக்கு வரும் பழைய வண்டிகளில் பல, கோன் செட்டை டைட் செய்ததும் திரும்பிப் போய்விடும். ஹேண்டிலை நேராக வைக்கும்போது ஒரு பள்ளத்தில் உட்காருவது போல இருந்தால் கோன் தேய்ந்துவிட்டது, செட்டாகவே மாற்றுங்கள்.

கழுத்து நன்றாக இருந்தால் அப்புறம் அளவு. சக்கரம் தூக்கியிருக்கும்போதே, ஆயில் சீலின் (ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) மேல் விளிம்பிலிருந்து கீழ் பிரிட்ஜ் (இரண்டு பைப்பையும் இணைக்கும் கீழ்ப் பட்டை) வரை குரோம் பைப் எவ்வளவு தெரிகிறது என்று ஸ்கேல் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு வண்டியைத் தரையில் இறக்கி, நீங்கள் வழக்கமாக ஓட்டும் உடையில் உட்கார்ந்து, இரண்டு காலையும் ஃபுட்ரெஸ்டில் வையுங்கள். ஒருவர் பின்னாலிருந்து பிடிக்க, இன்னொருவர் அளக்கட்டும். பழைய சீல்களில் உராய்வு அதிகம் என்பதால், ஒருமுறை முன்பக்கத்தை அழுத்தி விட்டும் ஒருமுறை தூக்கி விட்டும் அளந்து சராசரி எடுங்கள். சக்கரம் தரையில் படாதபோது எடுத்த முதல் அளவிலிருந்து இந்தச் சராசரியைக் கழித்தால் உங்கள் பாரத்துக்கு போர்க் எவ்வளவு இறங்குகிறது என்று தெரியும். இது மொத்த ஓட்டத்தில், அதாவது போர்க் கடைசி வரை இறங்கக்கூடிய தூரத்தில், கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இருந்தால் சரி. ஓட்டம் 110 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் 28 முதல் 37. நீங்கள் உட்கார்ந்ததுமே 50 போய்விட்டால், குழிக்கு மிச்சம் 60 மி.மீ.தான். இடிக்காமல் என்ன செய்யும்?

இங்கேதான் வாஷர் சொன்னவர் சரியான பக்கம் நிற்கிறார். ஆனால் வாஷர் போட்டால் ஸ்பிரிங் 'ஸ்ட்ராங்' ஆகிவிடும் என்பது தவறு. ஒரு மில்லிமீட்டர் அழுத்த அரை கிலோ வேண்டிய ஸ்பிரிங்குக்கு மேலே 10 மி.மீ. அடைத்தால், முதல் 5 கிலோவுக்கு அது அசையாது. அதற்கு மேல் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் பழையபடி அரை கிலோதான். கிடைப்பது உயரம். 13 மி.மீ. அடைத்தால் ஏறக்குறைய 13 மி.மீ. உயரும், 50 என்பது 37 ஆகும். வாஷர்களை அடுக்குவதைவிட, பைப்புக்குள் தளர்வாக நுழையும் பிவிசி குழாயை இரு முனையும் நேராக இருக்கும்படி வெட்டி, ஸ்பிரிங் படும் பக்கம் ஒரு வாஷர் மட்டும் வைப்பது நல்லது. இரண்டு பக்கமும் ஒரே அளவு.

அடைப்பதற்கு முன் ஒரு கணக்கு போட வேண்டும். ஸ்பிரிங்கின் சுற்றுகளை எண்ணி, கம்பியின் தடிமனால் பெருக்குங்கள், அதுதான் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டும்போது வரும் நீளம். ஸ்பிரிங்கின் முழு நீளத்திலிருந்து அதைக் கழித்தால் வருவது, அது அமுங்கக்கூடிய தூரம். போர்க் ஓட்டமும், மூடி போட்டதுமே ஸ்பிரிங் அமுங்கும் அளவும் (நீங்கள் அடைப்பதையும் சேர்த்து) கூட்டினால் அந்தத் தூரத்துக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் போர்க் பாதியிலேயே இரும்பு மாதிரி நின்றுவிடும். இரண்டு ஸ்பிரிங்கும் வெவ்வேறு நீளத்தில் இருந்தால் அடைப்பதெல்லாம் வீண், ஜோடியாகப் புதிது வாங்குங்கள்.

பிரிக்கும்போது கவனம். மேல் மூடி ஸ்பிரிங் அழுத்தத்தில் நிற்கிறது, கடைசி மரையில் துள்ளும். முகத்தை விலக்கி, கையால் அழுத்திக்கொண்டே கழற்றுங்கள். கழற்றியதும் போர்க் பைப்பை கண்ணாடித் தகட்டில் உருட்டிப் பாருங்கள், வளைவு இருந்தால் உடனே தெரியும். குரோமில் துருப் புள்ளிகள் இருந்தால் புது சீலும் சில மாதத்தில் கிழியும். சீல் கசிவை அலட்சியம் செய்யாதீர்கள், அந்த ஆயில் பிரேக் டிரம்முக்குள் போனால் முன் பிரேக் பிடிக்காது.

ஆயிலைப் பொறுத்தவரை, பழையதை முழுக்கக் கவிழ்த்து வடித்து, கழுவி, போர்க் ஆயில் 10 நம்பரை மேனுவலில் உள்ள அளவு ஊற்றுங்கள். எஞ்சின் ஆயில் வேண்டாம். ஸ்பிரிங் இல்லாமல் போர்க்கை மெதுவாகப் பத்து முறை ஏற்றி இறக்கி, காற்றுக் குமிழ் அடங்கிய பின் முழுக்க அமுக்கி, பைப் விளிம்பிலிருந்து ஆயில் மட்டம் வரை இரண்டு பக்கமும் அளந்து சமமாக்குங்கள். ஸ்பிரிங்கைச் சரிசெய்த பிறகும் பெரிய குழியில் இடித்தால், மட்டத்தை 5 மி.மீ. உயர்த்துங்கள். மேலே அடைபட்ட காற்றே இன்னொரு ஸ்பிரிங் போல வேலை செய்து கடைசிப் பகுதியில் தாங்கும். 15 மி.மீ.க்கு மேல் போகாதீர்கள், சீல் தாங்காது. இத்தனைக்கும் பிறகு போர்க் மீண்டும் மீண்டும் குதித்தால் மட்டும் 15 நம்பரை நினைக்கலாம்.

பூட்டும்போது பிரேக் டிரம்மை மூடும் பிளேட்டில் உள்ள பள்ளம், போர்க்கில் துருத்திக்கொண்டிருக்கும் முனையில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள். அது தப்பினால் பிரேக் பிடித்ததும் பிளேட் சக்கரத்தோடு சுற்றும், வண்டி உங்களைத் தூக்கி எறியும். ஆக்சில் நட்டை இறுக்கும் முன் முன்பக்கத்தை நாலைந்து முறை அழுத்தி விடுங்கள், போர்க்கின் இரண்டு காலும் தானாக நேராகிக்கொள்ளும். பிறகு ஆளில்லாத தெருவில் மெதுவாக ஓட்டி, முன் பிரேக்கை மட்டும் பிடித்துப் பாருங்கள். அமுங்கத்தான் செய்யும், ஆனால் 'டங்' கேட்கக்கூடாது.