காரைக்குடியில் புது வீடு: உள் அலங்காரம் பழைய பாணியா, மாடர்னா?

காரைக்குடிப் பக்கம் கட்டும் வீட்டுக்கு எந்த பாணி சரிவரும் என்று கேட்டிருக்கிறீர்கள். தரைக்கு யோசிக்கவே வேண்டாம், ஆத்தங்குடிக் கல்தான், அதாவது பக்கத்து ஆத்தங்குடி ஊரில் கையால் செய்யும் சிமெண்ட் டைல்ஸ். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, வண்ணக் கலவையைக் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள், சூளையே கிடையாது. கோடு அங்கங்கே லேசாகப் பிசகும், அதுதான் அழகு. ஆனால் எலுமிச்சைச் சாறு பட்டால் கறை விழும். அதனால் அடுப்பு மேடைக்கு கிரானைட்டே போடுங்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு பளிங்காய் மின்னும். பூசத் தெரிந்த கொத்தனார் கிடைத்தால் ஒரு சுவருக்காவது செய்துவிடுங்கள். அப்புறம், சின்னதாக ஒரு முற்றம்: சூடான காற்று மேலேறி வெளியேறிவிடும். ஃபால்ஸ் சீலிங் எதற்கு? கூரை உயரத்தைத்தான் தின்னும். குளியலறை மட்டும் முழுக்க மாடர்னாகவே இருக்கட்டும்.