லைசென்ஸ் கிடைத்துவிட்டது, ஆனால் லாரி பக்கத்தில் வந்தால் கை நடுங்குகிறது

கேள்வி: என் மகளுக்கு 22 வயது. குடியாத்தத்தில் பதினைந்து நாள் டிரைவிங் ஸ்கூல் போய் லைசென்ஸ் எடுத்துவிட்டாள். அடுத்த மாதம் ராணிப்பேட்டை சிப்காட்டில் வேலைக்குச் சேருகிறாள், காரில் போய்வருவதாகத் திட்டம். பள்ளிகொண்டாவில் நெடுஞ்சாலை ஏறி, பக்கத்தில் லாரி வந்தாலே கை நடுங்குகிறது என்கிறாள். மறுபடியும் ஸ்கூலுக்கு அனுப்பட்டுமா, நானே பக்கத்தில் உட்கார்ந்து பழக்கட்டுமா?

பதில்: இரண்டும் தேவைப்படும். முதலில் ஒரு கணக்குப் போடுங்கள். சொந்த உபயோகக் காருக்கான பயிற்சி குறைந்தது 21 நாள் நடக்க வேண்டும், அதில் 10 மணி நேரமாவது மாணவர் கையில் ஸ்டியரிங் இருக்க வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி. அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களுக்கு 2021-இல் வகுத்த பாடத்திட்டமோ 29 மணி நேரம், அதில் 21 மணி நேரம் வண்டி ஓட்டுவதற்கு. ஊரில் பல இடங்களில் நடப்பது வேறு. ஒரு காரில் நாலு பேரை ஏற்றி, ஆளுக்கு இருபது நிமிடம் கொடுப்பார்கள். பதினைந்து நாளில் அது ஐந்து மணி நேரம். அந்த ஐந்து மணி நேரத்திலும் பயிற்சியாளர் தன் பக்கத்து பிரேக்கிலும் கிளட்சிலும் கால் வைத்திருப்பார். வண்டி குலுங்காமல் நின்றது அவர் காலால் என்பது கற்றுக்கொள்பவருக்குத் தெரியவே தெரியாது. நெடுஞ்சாலை வாகனங்களுக்கு நடுவே எங்கே பார்ப்பது என்பதும் இந்தப் பயிற்சியில் வருவதில்லை. உங்கள் மகளின் பயத்துக்குக் காரணம் இதுதான்.

எனவே ஸ்கூலுக்கு அனுப்பும்போது மறுபடி எட்டு போடவும் ரிவர்ஸ் எடுக்கவும் அனுப்ப வேண்டாம். "ஒரு மணி நேர வகுப்பு ஐந்து வேண்டும், வண்டியில் வேறு மாணவர் கூடாது, பள்ளிகொண்டாவிலிருந்து வேலூர் வரை பைபாஸில் ஓட்ட வேண்டும், ஆபத்து வந்தாலொழிய உங்கள் பிரேக்கைத் தொட வேண்டாம்" என்று பேசி முடித்துக்கொண்டு அனுப்புங்கள். இரட்டை பிரேக் உள்ள வண்டியில் நெடுஞ்சாலையை முதலில் பழகுவது எல்லோருக்குமே பாதுகாப்பு.

அடுத்து லாரி. பக்கத்தில் பெரிய வண்டி வந்ததும் கண் அதன் சக்கரத்துக்குப் போய்விடும். கண் போகும் பக்கம் கை போகும், கை போகும் பக்கம் கார் சாயும். சாய்வதை உணர்ந்து சட்டென்று இழுப்பார்கள், வண்டி ஆடும், பயம் இரட்டிப்பாகும். லாரியை ஓரக்கண்ணில் விட்டுவிட்டு, தன் தடத்தின் நடுவில் 200, 250 மீட்டர் தூரத்தில் பார்வையை வைக்கச் சொல்லுங்கள். கார் தானாக நேராகப் போகும். லாரியைத் தாண்டி அதன் மூக்குக்கு முன்னால் வரும்போது, அதுவரை மறைந்திருந்த காற்று பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளும். சின்னக் காரில் இது நன்றாகவே தெரியும். ஸ்டியரிங்கைக் கடிகாரத்தின் ஒன்பது, மூன்று மணி இடங்களில் இரண்டு கையாலும் பிடித்திருந்தால் போதும், இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை.

லாரிக்கு இணையாக ஓட்டிக்கொண்டே போகக் கூடாது. லாரியின் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், அவருக்கும் நீங்கள் தெரியமாட்டீர்கள். அவர் வலப்பக்கம் உட்கார்ந்திருப்பதால் இடப்பக்கம்தான் அவருக்கு அதிகம் மறையும். நம் பைபாஸில் பாரம் ஏற்றிய லாரிகள் வலது தடத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் போவது அன்றாடக் காட்சி. அப்போது ஹார்ன் அடித்து, ஒருமுறை விளக்கைப் போட்டுக்காட்டிக் காத்திருக்கலாம். 80-இல் போகும் கார், 60-இல் போகும் லாரியை முன்னும் பின்னும் இடைவெளி விட்டுத் தாண்ட ஏறக்குறைய 13 விநாடி ஆகும், அதற்குள் கார் 290 மீட்டர் போயிருக்கும். அத்தனை தூரத்துக்கு முன்னால் சாலை காலியாகத் தெரியாவிட்டால் தாண்ட வேண்டாம். குடியாத்தம்–பள்ளிகொண்டா சாலையில் எதிர்வண்டியும் வரும் என்பதால், முதல் இரண்டு மாதம் அங்கே சைக்கிள், மாட்டுவண்டி தவிர எதையும் முந்த வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

கவனத்தை வளர்க்க நல்ல பலன் தருவது, பார்ப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டுவது. "பார்த்து ஓட்டு" என்று ஆயிரம் முறை சொல்வதால் எதைப் பார்ப்பது என்று தெரிந்துவிடாது. சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில் இப்படிச் சொல்லிக்கொண்டு போகலாம்: "இடப்பக்கம் பஸ் நிற்கிறது, முன் சக்கரம் ரோட்டுப் பக்கம் திரும்பியிருக்கு, கிளம்பப்போகுது, காலை எடுக்கிறேன். பஸ்ஸுக்கு அடியில் இரண்டு கால் தெரியுது, யாரோ குறுக்கே வரப்போறாங்க. ஷேர் ஆட்டோ, ரோட்டோரம் ஒரு அம்மா கைகாட்டுறாங்க, ஆட்டோ நின்னுடும். கண்ணாடியில் ஒரு பைக், இன்னும் என்னைத் தாண்டவில்லை." பார்த்தது, அது என்ன செய்யும், நான் என்ன செய்கிறேன் என்று மூன்றும் வர வேண்டும். முதல் நாள் பத்து நிமிடத்துக்கு மேல் முடியாது, மூளை களைத்துவிடும். தினமும் பத்து நிமிடம் செய்தால் போதும். சொல்லாமல் விட்டது எதுவோ அதைத்தான் மகள் பார்க்காமல் விடுகிறார் என்று உங்களுக்கும் தெரிந்துவிடும். பெரும்பாலும் அது பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடியாக இருக்கும். ஐந்தாறு விநாடிக்கு ஒருமுறை ஒரு கண்ணாடியாவது பார்வையில் வர வேண்டும். தடம் மாறும் முன் தோளுக்கு மேல் ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பைக் ஒன்று கண்ணாடிக்குள்ளேயே வராமல் பக்கத்தில் இருக்கலாம்.

இடைவெளியை மீட்டரில் அளக்க யாராலும் முடியாது, விநாடியில் எல்லோராலும் முடியும். முன்வண்டி ஒரு விளக்குக் கம்பத்தைத் தாண்டும்போது "ஆயிரத்து ஒண்ணு, ஆயிரத்து ரெண்டு, ஆயிரத்து மூணு" என்று எண்ணுங்கள். முடிப்பதற்குள் நம் கார் அதே கம்பத்துக்கு வந்துவிட்டால் நெருங்கிவிட்டோம் என்று பொருள். 80 கிலோமீட்டர் வேகத்தில் கார் விநாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போகவே ஒன்றரை விநாடி, அதாவது 33 மீட்டர். அதன் பிறகு காய்ந்த சாலையில் நிற்க இன்னும் 36 மீட்டர் அளவில் வேண்டும். மழையில் மொத்தமும் நூறு மீட்டரை நெருங்கும், அப்போது எண்ணிக்கையை ஐந்தாக்குங்கள். இடைவெளி விட்டால் யாராவது உள்ளே நுழைவார்கள். நுழையட்டும், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து மறுபடி எண்ணத் தொடங்கலாம்.

முழு பலத்தோடு பிரேக் பிடிப்பதை யாரும் சொல்லித்தருவதில்லை, முதல்முறை பிடிப்பதே விபத்தின்போதுதான். வீடு கட்டாத புது லேஅவுட் ஒன்றில், அதிகாலையில், பின்னால் எதுவும் இல்லாதபோது 40 வேகத்தில் போய் பிரேக்கையும் கிளட்சையும் ஒரே மிதியாக அடிவரை மிதிக்கச் சொல்லுங்கள். ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள கார் என்றால் பிரேக் காலுக்கு அடியில் கடகடவென்று அதிரும். அதிர்ந்ததும் பயந்து காலை எடுப்பதுதான் வழக்கமான தவறு. அழுத்தியபடியே ஸ்டியரிங்கைத் திருப்பினால் கார் திரும்பும், அதற்காகத்தான் ஏபிஎஸ் இருக்கிறது. ஐந்தாறு தடவை செய்தால் கால் பழகிவிடும். ஏபிஎஸ் இல்லாத பழைய கார் என்றால் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கும், அப்போது பிரேக்கைச் சற்றுத் தளர்த்தி மறுபடி மிதிக்க வேண்டும்.

உட்காரும் நிலை: கிளட்சை முழுக்க மிதித்தாலும் முழங்கால் கொஞ்சம் மடிந்திருக்க வேண்டும், மார்புக்கும் ஸ்டியரிங்குக்கும் 25 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். ரப்பர் செருப்பு வேண்டாம், பிரேக்குக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். காலடியில் தண்ணீர் பாட்டில் உருளவிடாதீர்கள்.

உங்கள் மகளின் பாதையில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. காலையில் கிழக்கே போவார், மாலையில் மேற்கே திரும்புவார், இரண்டு வேளையும் வெயில் நேரே முகத்தில் அடிக்கும். முன்கண்ணாடியின் உட்புறத்தை வாரம் ஒருமுறை துடைக்க வேண்டும், அந்த மெல்லிய படலம்தான் வெயிலில் பளீரென்று மறைக்கும். சர்வீஸ் ரோடு வந்து சேரும் இடத்திலும் சென்டர் மீடியன் திறப்பிலும் எதிர்த்திசையில் பைக் வரும் என்றே எதிர்பார்க்க வேண்டும். ஷிப்ட் விடும் நேரத்தில் தோல், ஷூ கம்பெனிப் பெண்கள் கூட்டமாகச் சாலையைக் கடப்பார்கள். கரும்பு டிராக்டருக்குப் பின்விளக்கு பெரும்பாலும் எரியாது. இதனால், முதல் மூன்று மாதம் இருட்டிய பிறகு அவர் தனியாக நெடுஞ்சாலையில் ஓட்டாமல் இருப்பது நல்லது. மாலை ஷிப்ட் என்றால் பஸ்ஸில் வரட்டும்.

ஸ்கூல் வகுப்புகள் முடிந்ததும் நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். முதல் வாரம் ஞாயிறு காலை ஆறு மணிக்குக் காலிச் சாலையில் தொடங்கி, மூன்றாவது வாரம் வேலைக்குப் போகும் நேரத்திலேயே முழு தூரமும் போய்வாருங்கள். கத்தாதீர்கள், ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து இழுக்காதீர்கள். "மெதுவா" என்று மொட்டையாகச் சொன்னால் நடு நெடுஞ்சாலையில் பிரேக் அடித்துவிடுவார். "முன்னால் டிராக்டர், காலை எடும்மா" என்று காரணத்தோடு சொல்லுங்கள். தவறுகளை வண்டியை நிறுத்திய பிறகு பேசலாம். தொடர்ந்து மூன்று தடவை நீங்கள் வாய் திறக்கத் தேவையே இல்லாமல் போய்வந்துவிட்டால் தனியாக அனுப்பலாம்.

வழியில் கார் நின்றுவிட்டால் இடது ஓரம் ஒதுக்கி, நான்கு இண்டிகேட்டரையும் போட்டு, இடப்பக்கமாக இறங்கித் தடுப்புக்கு வெளியே நின்றுகொண்டு நெடுஞ்சாலை உதவி எண் 1033-ஐ அழைக்க வேண்டும். காருக்குள் உட்கார்ந்து காத்திருப்பது ஆபத்து. வேலைக்குப் போகும் நேரத்தில் வீட்டிலிருந்து யாரும் அவருக்குப் போன் போடாதீர்கள். 80 வேகத்தில் திரையை இரண்டு விநாடி பார்த்தால் 44 மீட்டர் பார்க்காமலேயே ஓடியிருப்பார். ப்ளூடூத்தில் பேசினாலும் மனம் பேச்சில்தான் இருக்கும். போய்ச் சேர்ந்து வண்டியை நிறுத்திய பிறகு அவரே கூப்பிடுவார்.