பூசணிப் பிஞ்சு வெம்புகிறது; கோல்டன்ராட் நட்டால் தேனீ வருமா?

கேள்வி: கொல்லையில் பூசணி நிறையப் பூக்கிறது, பிஞ்சோ மஞ்சளாகி உதிர்கிறது. அமெரிக்காவில் உள்ள மகள், தேனீக்கள் வர கோல்டன்ராட் விதை அனுப்புவதாகச் சொல்கிறாள். நடலாமா?
- வாசகி, திருவையாறு

பதில்: தேனீ வந்து மகரந்தம் சேர்க்காவிட்டால் பூசணிப் பிஞ்சு வெம்பி உதிரும் என்பது சரிதான். ஆனால் அதற்குக் கோல்டன்ராட் வேண்டாம் அம்மா. மஞ்சளாகப் பூக்கும் அது வட அமெரிக்காவின் சொந்தச் செடி. குளிருக்கு முன் பூத்து அங்குள்ள தேனீக்களுக்கு இரை தருகிறது. அதுவே ஐரோப்பாவிலும் சீனாவிலும் அடங்காத களையாகிவிட்டது. வெளிநாட்டு விதைக்கு இறக்குமதி அனுமதி வேறு வேண்டும்.

மஞ்சள் பூதான் வேண்டுமென்றால் ஆவாரை இருக்கிறது. ஆனால் டெல்டாவின் களிமண்ணில் ஐப்பசி மழைத்தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். ஆகவே ஒன்றரை அடி உயரம் மேடு போட்டு, செம்மண்ணும் மணலும் கலந்து, தை மாதத்தில் விதையுங்கள். அடுத்த மழைக்குள் செடி தேறிவிடும். விதைத்தோல் கெட்டி. கொதித்து இறக்கிய வெந்நீரை ஊற்றி இரவு முழுக்க ஊறவிட்டு, உப்பிய விதைகளை மட்டும் அரை அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள்.

ஆவாரை மட்டும் போதாது. அதில் தேன் கிடையாது, மகரந்தம்தான். அதுவும் மகரந்தப்பையின் நுனித் துளை வழியாகத்தான் வெளிவரும். கருவண்டு பூவைப் பிடித்துக்கொண்டு 'ர்ர்' என்று அதிர வைத்து உதிர்க்கும். தேன்கூட்டுத் தேனீக்கு அந்த வித்தை வராது. தேனுக்குத் தும்பை வையுங்கள். வரப்பில் காய்ந்த தும்பைத் தலைகளைத் தாளில் தட்டினால் விதை கொட்டும். ஆடி, ஆவணியில் வெயில் படும் இடத்தில் மேலாகத் தூவுங்கள், மண் மூடவேண்டாம். களை என்று யாரும் பிடுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்!

ஈரம் கசியும் வாய்க்கால் ஓரத்துக்கு மஞ்சள் கரிசலாங்கண்ணி. மூன்று கணு உள்ள தண்டை அரையடிக்கு ஒன்றாகப் பதித்தால் போதும். நர்சரியில் கவனம் தேவை: மூன்று மடல் இலையோடு தரையை மூடும் செடியைக் கரிசலாங்கண்ணி என்று கொடுத்துவிடுவார்கள். அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து பரவும் செடி. நம்முடையதன் இலை ஒடுங்கி நீண்டிருக்கும், மடல் இராது.

இவை பூக்கும்வரை பூசணியைக் காத்திருக்க விடாதீர்கள். காலை எட்டு மணிக்குள் ஆண் பூவைப் பறித்து, இதழ்களை உரித்துவிட்டு, அடியில் குட்டிப் பிஞ்சு உள்ள பெண் பூவின் நடுவில் எல்லாப் பக்கமும் தடவுங்கள். ஒரு பெண் பூவுக்கு இரண்டு ஆண் பூ எடுப்பது நல்லது. வேப்பெண்ணெய் தெளிப்பதாக இருந்தால் பூ மூடிய பின், சாயங்காலத்தில் தெளியுங்கள்.