கோழியை அடைக்கு உட்கார வைப்பது: கேள்வி பதில்

கேள்வி: பெட்டைக்கோழி நான்கு மாதமாக முட்டையிடுகிறது. ஒரு தடவைகூட அடைக்கு உட்காரவில்லை. எப்படி உட்கார வைப்பது?

பதில்: புரோலாக்டின் என்ற ஹார்மோன் ஏறினால்தான் கோழிக்கு அடைக்குணம் வரும். அது ஏறத் தோதான நிலைமையை அமைத்துக் கொடுக்கலாம், அவ்வளவுதான். கூடைக்குள் போட்டு மூடி வைத்தால் கோழி மிரளுமே தவிர உட்காராது.

முதலில் எந்த இனம் என்று பாருங்கள். லெகார்ன் போன்ற முட்டை இனங்களிலும், முட்டைக்கென்றே உருவாக்கிய கலப்பினங்களிலும் இந்தக் குணத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்துவிட்டார்கள். அசில், சில்கி, கொச்சின், பிரம்மா போன்றவை நன்றாக உட்காரும். அவற்றிலும் முதல் ஈட்டு வெடைக்கோழியைவிட (முதன்முறை முட்டையிடும் இளம் கோழியைவிட) இரண்டாம் வருடத்துக் கோழியைத்தான் நம்பலாம்.

இன்னொரு காரணம், தினமும் முட்டையை எடுத்துவிடுவது. வயிற்றுக்கு அடியில் முட்டைகள் சேர்ந்து கிடப்பதே கோழியைத் தூண்டுகிறது. நல்ல முட்டைகளை எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் ஆறேழு பொய் முட்டைகளை விட்டுவையுங்கள். மரம், பிளாஸ்டிக், வழவழப்பான கூழாங்கல் எதுவானாலும் சரி, முட்டை அளவில் இருந்தால் போதும்.

இடம் அரை இருட்டாக, ஆள் நடமாட்டம் இல்லாமல் இருக்கட்டும். 35 செ.மீ. சதுரப் பெட்டி, முன்பக்கம் 10 செ.மீ. தடுப்பு. அடியில் 5 செ.மீ. மண், மேலே வைக்கோல், நடுவில் லேசான குழி. குழி ஆழமானால் முட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உடையும். தட்டையாக இருந்தால் ஓரத்து முட்டை உருண்டுபோய்க் குளிர்ந்துவிடும்.

கேள்வி: பகல் முழுக்க முட்டைப் பெட்டியிலேயே இருக்கிறது. முட்டை வைத்துவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். முட்டையிடும் கோழியும் பகலில் வெகுநேரம் உட்கார்ந்திருக்கும். இரவில் பாருங்கள். தொடர்ந்து இரண்டு இரவு பரணுக்கு ஏறாமல் பெட்டியிலேயே தங்கினால் அடைதான். கை நீட்டினால் இறகைச் சிலுப்பிக்கொண்டு கேரும், கொத்தவும் வரும். அடிவயிற்றில் இறகு உதிர்ந்து தோல் சூடாகத் தெரியும். ஒரே தடவையில் பெரிதாக, நாற்றத்தோடு எச்சமிடும். இத்தனையும் இருந்தாலும் மேலும் இரண்டு நாள் பொய் முட்டையிலேயே விட்டுப் பாருங்கள். பாதியில் எழுந்து போகிற கோழி பெரும்பாலும் அதற்குள் எழுந்துவிடும், நல்ல முட்டை வீணாகாது.

கேள்வி: எத்தனை முட்டை வைக்கலாம்? ஃபிரிட்ஜில் இருந்தவை பொரிக்குமா?

பதில்: சிறிய கோழிக்கு 7 அல்லது 8, நடுத்தரக் கோழிக்கு 10 முதல் 12. கோழி உட்கார்ந்த பிறகு ஒரு முட்டைகூட வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால் குறைத்துவிடுங்கள். கோழி முட்டைகளை மாற்றி மாற்றி நகர்த்துவதால், இன்று வெளியே கிடக்கும் முட்டை நாளை உள்ளே போகும், வேறொன்று வெளியே வரும். இப்படியே பல முட்டைகள் கெடும்.

இட்டு 7 நாளுக்குள் இருக்கும் முட்டைகளே நல்லது. 10 நாளுக்கு மேல் பொரிப்புக் குறைந்துகொண்டே போகும். குளிர்ச்சியான அறையில், 15 முதல் 18 டிகிரியில், கூர்முனை கீழே இருக்கும்படி வையுங்கள். ஃபிரிட்ஜ் அதைவிட மிகவும் குளிர் என்பதால் தவிருங்கள். கழுவவே கூடாது, ஓட்டின் மேல் உள்ள காப்புப் படலம் போய்விடும். சேவல் சேர்ந்து பத்து நாளாவது ஆகியிருக்க வேண்டும். எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும்.

கேள்வி: வேறு இடத்துக்கு மாற்றினேன், எழுந்து பழைய இடத்துக்கே ஓடிவிட்டது.

பதில்: பகலில் மாற்றியிருப்பீர்கள். நன்றாக இருட்டிய பிறகு, வெளிச்சம் அதிகம் காட்டாமல், பழைய வைக்கோலோடு தூக்கிப் பொய் முட்டைகளின் மேல் வையுங்கள். பழைய இடம் கண்ணில் படாதபடி அடைத்துவிடுங்கள். ஒரு நாள் முழுக்க நிலைத்து உட்கார்ந்தால், அடுத்த இரவு நல்ல முட்டைகளை எல்லாம் ஒரே சமயத்தில் மாற்றி வையுங்கள்.

மாற்றுவதற்கு முன் இறக்கைக்கு அடியிலும் ஆசனவாய்ப் பக்கமும் பேன், செள் (இரத்தம் உறிஞ்சும் சிறு பூச்சி) இருக்கிறதா என்று பார்த்து, கோழிக்கான மருந்தைப் போட்டுவிடுங்கள். அடைகாக்கும் 21 நாளும் பெரும்பாலும் அசையாமல் இருக்கும் உடம்பில் செள் பெருகினால், எவ்வளவு நல்ல கோழியும் எழுந்து ஓடும்.

கேள்வி: அடைக்கோழியின் கீழ் மற்ற கோழிகளும் முட்டையிடுகின்றன. அதனால் கெடுதல் உண்டா?

பதில்: நிச்சயம் உண்டு. முதல் குஞ்சுகள் பொரிந்த ஓரிரு நாளில் தாய் அவற்றைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடும். பிந்திச் சேர்ந்த முட்டைகள் உள்ளே பாதி வளர்ந்த கருவோடு சாகும். வைத்த முட்டைகளில் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு, கோடில்லாததைத் தினமும் எடுத்துவிடுங்கள். தனித் தடுப்பு அமைத்தால் இந்த வேலையே இல்லை.

கேள்வி: சரியாகச் சாப்பிடுவதில்லை. தூக்கி வெளியே விடலாமா?

பதில்: தினம் ஒரு முறை, 15 முதல் 30 நிமிடம் எழுந்து தின்று, குடித்து, எச்சமிட்டுத் திரும்பினால் போதும். எடை கொஞ்சம் குறைவது இயல்பு. ஒரு நாள் முழுக்க எழவே இல்லை என்றால் மட்டும், இறக்கையிடுக்கில் முட்டை சிக்கியிருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு மெதுவாகத் தூக்கி விடுங்கள். சோளம், கோதுமை போன்ற முழுத் தானியம் நல்லது.

கேள்வி: உள்ளே ஒரு முட்டை உடைந்து எல்லாம் பிசுபிசுப்பாகிவிட்டது.

பதில்: கோழி எழுந்திருக்கும் நேரத்தில் நனைந்த வைக்கோலை மாற்றுங்கள். அழுக்கான முட்டைகளை வெதுவெதுப்பான நீரில் பிழிந்த துணியால் துடைக்கலாம். குளிர்ந்த நீர் ஆகாது. உள்ளிருப்பது சுருங்கும்போது ஓட்டின் நுண்துளை வழியே கிருமியையும் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

கேள்வி: கருக்கூடியதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: 7ஆம் நாள் இருட்டறையில் டார்ச் ஒளியைப் பருத்த முனையில் வைத்துப் பாருங்கள். சிலந்தி போல இரத்த நாளங்களும் நடுவில் கரும்புள்ளியும் தெரிந்தால் கரு வளர்கிறது. தெளிவாக இருந்தால் கருக்கூடாதது. சிவப்பு வளையம் மட்டும் இருந்தால் கரு செத்துவிட்டது. அடர் பழுப்பு ஓட்டில் 10ஆம் நாள்தான் தெரியும்.

கேள்வி: 21ஆம் நாள் ஒரு முட்டையில் ஓட்டை விழுந்தது. ஆறு மணி நேரமாகியும் குஞ்சு வரவில்லை. ஓட்டை உடைத்து உதவலாமா?

பதில்: வேண்டாம். முதல் ஓட்டையிலிருந்து குஞ்சு வெளிவர 12 முதல் 24 மணி நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில்தான் மிச்ச மஞ்சள் கருவையும் ஓட்டை ஒட்டிய சவ்வில் ஓடும் இரத்தத்தையும் குஞ்சு தன் உடம்புக்குள் இழுத்துக்கொள்கிறது. அவசரப்பட்டு உரித்தால் இரத்தம் கசிந்து செத்துவிடும். 18ஆம் நாளிலிருந்தே முட்டைகளைத் தொடாமல் இருங்கள். பொரிந்த குஞ்சுகளுக்கு அந்த மஞ்சள் கரு இரண்டு நாள் தாங்கும், அதனால் தீவனம் கொடுக்கவென்று தாயை எழுப்ப வேண்டாம். 23 நாள் முடிந்தும் அசைவில்லாத முட்டைகளை எடுத்துவிடலாம்.

கேள்வி: குஞ்சுகளுக்குத் தாயின் முட்டைக்கோழித் தீவனத்தையே கொடுக்கலாமா?

பதில்: கூடாது. அதிலுள்ள அதிகச் சுண்ணாம்புச் சத்து குஞ்சுகளின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். குஞ்சுத் தீவனத்தையே இரண்டுக்கும் வையுங்கள். முட்டையிடாத அந்த வாரங்களில் தாய்க்கு அதுவே போதும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்களைப் பரப்பிவிட்டால் குஞ்சு மூழ்காது.