க்ளோக் அண்ட் டாகர்: குறுவாள் எப்போது வந்தது?

கேள்வி: உளவு வேலையை ஆங்கிலத்தில் ‘க்ளோக் அண்ட் டாகர்’ என்கிறார்களே, எப்படி வந்தது? மொழிபெயர்க்கும்போது ‘மேலங்கியும் குறுவாளும்’ என்று போடலாமா?

பதில்: போட வேண்டாம். தமிழில் படிப்பவருக்கு அது ராஜா காலத்து உடைப் பட்டியல் மாதிரிதான் இருக்கும்.

உளவாளிகள் அங்கிக்குள் கத்தியை ஒளித்துத் திரிந்ததால் வந்த பெயர் என்று பலரும் சொல்வார்கள். மூலத்தில் உளவாளியும் இல்லை, குறுவாளும் இல்லை. 17-ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் ‘கபா இ எஸ்பாதா’, அதாவது அங்கியும் வாளும், என்றொரு நாடக வகை இருந்தது. லோப்பே தெ வேகா, கால்தெரோன் என்ற நாடகாசிரியர்கள் அதில் கைதேர்ந்தவர்கள். தோளில் அங்கி, இடுப்பில் வாள் என்பது அன்றைய கனவான்கள் தெருவில் போகும் கோலம். நடிகர்களும் அதே உடையில் வந்ததால் அந்தப் பெயர். கதையில் முக்காடிட்ட பெண், ஆள்மாறாட்டம், இருட்டில் வாள்சண்டை எல்லாம் உண்டு. மொத்தத்தில் காதல் கலாட்டா.

ஆங்கிலத்தில் 1841-இல் வந்த ‘பார்னபி ரட்ஜ்’ நாவலிலேயே டிக்கன்ஸ் குறுவாளோடு எழுதிவிட்டார், அதுவும் கேலியாக. வாள் ஏன் குறுவாளானது? நீள வாள் அங்கிக்குள் அடங்காது, குறுவாள் அடங்கும். சதிக்குப் பொருத்தம் அதுதான் என்பது நம் ஊகம். உளவோடு சொல் இறுக ஒட்டிக்கொண்டதில் இரண்டாம் உலகப்போருக்குப் பெரிய பங்கு. 1942-இல் அமெரிக்கா தொடங்கிய ஓ.எஸ்.எஸ். உளவு அமைப்பை வைத்து 1946-இல் வந்த ஹாலிவுட் படத்துக்குப் பெயரே இதுதான்.

அந்தப் பழைய கேலி இன்னும் சொல்லில் தங்கியிருக்கிறது. அதனால் கண்ட இடமெல்லாம் ‘உளவு’ என்று போட்டால் பிசகும். ‘க்ளோக்-அண்ட்-டாகர் ஆபரேஷன்’ என்று உளவுத்துறையைப் பற்றி வந்தால் ‘ரகசிய உளவு நடவடிக்கை’ சரி. ‘பாலிடிக்ஸ்’ சேர்ந்து வந்தால் ‘திரைமறைவு அரசியல்’. பிறந்தநாள் விருந்தை மறைத்து ஏற்பாடு செய்பவரிடம் ‘எதற்கு இந்த க்ளோக் அண்ட் டாகர்?’ என்று கேட்டால், ‘என்ன இந்த மூடுமந்திரம்?’ போதும். ஆங்கிலத்திலேயே எழுதுவதானால், பெயர்ச்சொல்லுக்கு முன் வரும்போது இரண்டு இணைப்புக்கோடுகளும் (-) வேண்டும்.

சப்டைட்டில் எழுதுபவர்கள் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பிரெஞ்சில் ‘காப் எ தெப்பே’ (அங்கியும் வாளும்) படம் என்றால் உளவுப்படம் அல்ல. வாள் இன்னும் வாளாகவே இருக்கும் சாகசப்படம்.