ஏசி அறையில் தூக்கம் வந்தால் ஏர் பியூரிஃபையர் உதவுமா?

கேள்வி: சென்னையில் சிறிய கணக்கு அலுவலகம் நடத்துகிறேன். 12 பேர், இரண்டு ஸ்பிளிட் ஏசி. ஜன்னல்களைத் திறப்பதே இல்லை. மதியத்துக்கு மேல் பலருக்கும் தலைவலி, தூக்கக் கலக்கம். இரண்டு ஏர் பியூரிஃபையர் வாங்கிப் போடச் சொல்கிறார் ஒரு விற்பனையாளர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். பியூரிஃபையர் தூசியையும் புகையையும் வடிகட்டும்; 12 பேர் விடும் மூச்சில் சேரும் கரியமில வாயுவைக் குறைக்காது. ஸ்பிளிட் ஏசியும் வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. வெளியே ஒரு யூனிட் இருப்பதால் காற்றும் அங்கிருந்து வருவதாகப் பலர் நினைக்கிறார்கள். அந்தக் குழாயில் ஓடுவது குளிரூட்டும் கேஸ். அறைக் காற்றேதான் திரும்பத் திரும்பக் குளிர்கிறது.

முதலில் அளந்து பாருங்கள். கரியமில வாயு மீட்டர் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும். அகச்சிவப்பு ஒளியால் கரியமில வாயுவையே நேரடியாக அளக்கும் ‘என்.டி.ஐ.ஆர்.’ சென்சார் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். மலிவான பல மீட்டர்கள் வேறு வாயுக்களை வைத்து ஒரு எண்ணை ஊகித்துக் காட்டுபவை. வெளிக்காற்றில் சுமார் 420 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 420 பங்கு) இருக்கும். மாலை 4 மணிக்கு உங்கள் அறையில் 1,500-ஐத் தாண்டினால் காற்றோட்டம் போதவில்லை.

அப்படியானால் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும், பில்டர் வைத்த ஃபேன் ஒன்று, எதிர்ப்பக்கம் எக்ஸாஸ்ட் ஒன்று மாட்டுங்கள். ஆளுக்கு நிமிடத்துக்கு 20 கன அடி வெளிக்காற்று என்றால் மொத்தம் 240. காற்று உள்ளே வரும் துளை ஜெனரேட்டர், கழிப்பறைப் பக்கம் வேண்டாம்.

சரி, செலவு? ஃபேன்களுக்கு ஆகும் கரண்ட் சொற்பம். உள்ளே வரும் சூடான, ஈரமான காற்றைக் குளிர்விப்பதுதான் செலவு. என் கணக்கில் கோடையில் மாதம் 250 யூனிட் வரை கூடலாம். யூனிட் பத்து ரூபாய் என்றால் 2,500 ரூபாய். இதைக் கரண்ட் பில்லோடு ஒப்பிட்டால் மலைப்பாக இருக்கும். சம்பளத்தோடு ஒப்பிடுங்கள். ஆளுக்கு 25,000 என்றால் மாதச் சம்பளம் 3 லட்சம். அதில் ஒரு சதவீத வேலை கூடினாலே 3,000. டென்மார்க்கில் 1999-ல் வெளியான ஓர் ஆய்வில், தடுப்புக்குப் பின்னால் கிடந்து அறைக் காற்றைக் கெடுத்த 20 வருடப் பழைய தரைவிரிப்பை எடுத்தபோது தட்டச்சு வேகம் 6.5 சதவீதம் கூடியது. அது அங்கே இருந்ததே தட்டச்சு செய்தவர்களுக்குத் தெரியாது. உங்களுக்கும் அவ்வளவு கூடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு சதவீதம் பேராசை இல்லை. அதைவிட, தினமும் தலைவலியோடு வீட்டுக்குப் போகிறவர்களை நினைத்தாவது இதைச் செய்யுங்கள்.

ஏசியை 20-ல் வைத்திருந்தால் 24-க்கு ஏற்றுங்கள். ஒரு டிகிரிக்குச் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு. புதுக்காற்றின் செலவில் ஒரு பங்கு அதிலேயே வந்துவிடும். ஆனால் உச்சி வெயிலில் கூடுதலாக ஒரு டன் அளவுக்குக் குளிரூட்டல் தேவைப்படலாம். இரண்டு ஏசியும் இப்போதே திணறினால் அதையும் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

கொட்டேஷனில் நிமிடத்துக்கு எத்தனை கன அடி வெளிக்காற்று என்று எழுதி வாங்குங்கள். மாட்டி முடித்தபின் ஒரு வாரம் மாலை 4 மணிக்கு மீட்டரைப் பாருங்கள். 1,000-க்குப் பக்கத்தில் நின்றால் பாக்கித் தொகையைக் கொடுங்கள்.