மலைப்பாதைக்கு கிலோமீட்டர் கணக்கு உதவாது
வாசகர் கேள்வி-பதில்

சைக்கிள் டூர் பத்தி கேளுங்கன்னு சொல்லியிருந்தோம், வந்த கேள்விகள்ல மலை ரூட் சம்பந்தப்பட்டதை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: அண்ணா, சமவெளியில 80 கிலோமீட்டர் அசால்ட்டா ஓட்டுவேன். அடுத்த லீவுல மலைப்பக்கம் நாலு நாள் டூர் போறேன், டென்ட், துணி, ஸ்டவ் எல்லாம் சைக்கிள்லயே ஏத்திக்கிட்டு. அதே மாதிரி நாளுக்கு 80ன்னு பிளான் போட்டாச்சு. ஆப்ல பாத்தா ஒரு நாள் ஏத்தம் மொத்தம் 1,800 மீட்டர்னு காட்டுது. சரியா வருமா?

பதில்: வராது தம்பி. முதல் நாள் சாயங்காலமே டென்ட் போட இடம் தேடி இருட்டுல தடவிக்கிட்டு நிப்பீங்க, அதனால இப்பவே பிளானை மாத்திடுங்க. மலையில தூரத்தை ரெண்டாவதா பாருங்க, ஏத்தத்தை முதல்ல பாருங்க. கணக்கு ரொம்ப சிம்பிள். நீங்க, சைக்கிள், மூட்டை எல்லாம் சேர்த்து 100 கிலோன்னு வச்சுக்கோங்க, நாள் பூரா சமாளிக்கிற மாதிரி நிதானமா மிதிச்சா ஒரு சாதாரண ஆளோட கால்லேர்ந்து 100 வாட் சக்தி வரும். அந்த 100 வாட்ல 100 கிலோவை 100 மீட்டர் உயரம் தூக்க கிட்டத்தட்ட 16 நிமிஷம் ஆகும். அப்போ 1,800 மீட்டருக்கு? உயரம் ஏத்துறதுக்கு மட்டுமே அஞ்சு மணி நேரம் போயிடுது, இதுல சமமான ரோட்டுல ஓட்டுற நேரம், சாப்பாடு, பஞ்சர், போட்டோ, தண்ணி தேடுறது எதையும் நான் சேர்க்கவே இல்ல.

என்னைக் கேட்டா மூட்டையோட போற முதல் டூருக்கு ஒரு நாளைக்கு 800லேர்ந்து 1,000 மீட்டர் ஏத்தம் போதும், அது 40 கிலோமீட்டர்ல முடிஞ்சாலும் முடியட்டும். அதுவும் ரெண்டாவது நாளை இன்னும் லேசா வைங்க, முதல் நாள் கால் வலியோட நிஜ முகம் ரெண்டாவது நாள் காலையிலதான் தெரியும்.

இன்னொண்ணு, ஆப் காட்டுற சராசரி சரிவை அப்படியே நம்பாதீங்க. சராசரி 5 சதவீதம்னு போட்டிருக்கும், ஆனா அதுல பாதி தூரம் சமமாவும் மீதி 10 சதவீதமாவும் இருக்கலாம், கணக்கு ஒண்ணுதான், முட்டிக்கு ஒண்ணு இல்ல. ரூட்டோட உயரப் படத்தை பெருசு பண்ணி ஒவ்வொரு கிலோமீட்டரா பாருங்க. பிரான்ஸ்ல பேர் போன கணவாய் ரோடுகள்ல இதை ரோட்டோரமே எழுதி வச்சிருப்பாங்க, கிலோமீட்டருக்கு ஒரு சின்ன கல், அதுல உச்சிக்கு இன்னும் எவ்வளவு தூரம், இப்ப என்ன உயரம், அடுத்த ஒரு கிலோமீட்டரோட சரிவு எத்தனை சதவீதம்னு. அடுத்த கிலோமீட்டர் 9ன்னு தெரிஞ்சா இப்பவே மூச்சை மிச்சம் பிடிப்போம் இல்லையா. நம்ம ரூட்ல கல் இல்லைன்னா ஒரு பேப்பர் துண்டுல எழுதி ஹேண்டில்பார்ல ஒட்டிக்கலாம், நான் அப்படித்தான் செய்யறேன்.

சாப்பாட்டுக்கும் ஒரு தோராயக் கணக்கு இருக்கு. 100 கிலோவை 1,000 மீட்டர் ஏத்தினா உடம்பு சுமார் 1,000 கலோரி எரிக்கும். பசிக்கும் முன்னாடி சாப்பிடணும், பசி வந்தப்புறம் ஏத்தத்துல எதைத் தின்னாலும் கால் வரைக்கும் வந்து சேர நேரமாகும்.

கேள்வி: முன்னாடி 34 பல், பின்னாடி பெருசு 28 பல் இருக்கிற ரோடு பைக் வச்சிருக்கேன். ஏத்தத்துல முட்டி வலிக்குது. இன்னும் சின்ன கியர் போடலாமான்னு கேட்டா கிளப்ல இருக்கிறவங்க அதெல்லாம் வயசானவங்களுக்குன்னு சிரிக்கிறாங்க.

பதில்: சிரிக்கிறவங்க உங்க மூட்டையைத் தூக்கிட்டு வரப் போறதில்ல. செங்குத்தான ஏத்தத்துல மூட்டையோட மணிக்கு 6 கிலோமீட்டர் வேகம்தான் வரும், அதாவது நிமிஷத்துக்கு 100 மீட்டர். உங்க 34க்கு 28ல அந்த வேகத்துக்கு நிமிஷத்துக்கு 39 மிதிதான் விழும் (பெடல் ஒரு முழு சுத்து சுத்தினா ஒரு மிதி), ஒவ்வொரு மிதியும் முட்டியில இறங்கும். அதே வேகத்தை முன்னாடி 22, பின்னாடி 34 பல் போட்டு ஓட்டினா 73 மிதி வரும், கால் சுத்திக்கிட்டே இருக்கும், முட்டி தப்பிச்சிடும். வேலை ரெண்டுலயும் ஒண்ணுதான், அதை சின்னச் சின்னதா பிரிச்சு செய்யறோம், அவ்வளவுதான். மாத்தும்போது உங்க கியர் மாத்தி அத்தனை பல்லைத் தாங்குமான்னு மெக்கானிக்கிட்ட கேட்டுக்கோங்க, சில சமயம் அதையும் சேர்த்து மாத்த வேண்டி வரும்.

இந்தக் கிண்டல் நூறு வருஷத்துக்கு மேல பழசுங்க. பிரான்ஸ்ல செயின்ட் எட்டியன் ஊர்ல பால் டி விவின்னு ஒருத்தர், 1853ல பிறந்தவர், வெலோசியோங்கிற புனைபேர்ல எழுதுவார், மலையேற கியர் வேணும்னு வாழ்நாள் முழுக்க சொல்லிக்கிட்டே இருந்தார். டூர் டி பிரான்ஸை ஆரம்பிச்ச ஆன்ரி டெக்ராஞ்ச் அதுக்கு நேர் எதிர், கியரெல்லாம் 45 வயசு தாண்டினவங்களுக்குன்னு எழுதினவர். அந்தப் பந்தயத்துல எல்லாருக்கும் செயின் மாத்துற கியரை அனுமதிக்க 1937 வரைக்கும் ஆச்சு. டி விவி 1930லயே காலமாயிட்டார், பாவம் அவர் அதைப் பாக்கல. இன்னைக்கு கிளப்ல சிரிக்கிறவங்க ஓட்டுற சைக்கிள்லயும் அவர் கேட்ட கியர்தான் இருக்கு.

கேள்வி: ஏறிடறேன், இறங்கும்போதுதான் பயம். பிரேக்கை பிடிச்சுக்கிட்டே வந்து கை மரத்துப் போகுது, கருகின வாசனையும் வருது.

பதில்: அந்த வாசனை வந்தா உடனே ஓரங்கட்டுங்க, இது விளையாட்டு இல்ல. 100 கிலோ பாரத்தோட 8 சதவீத இறக்கத்துல மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல போகாம பிடிச்சுக்கிட்டே வந்தா 400 வாட் அளவுக்கு சூடு விடாம பிரேக்குல போய் இறங்குது. ரிம் பிரேக்னா, அதாவது சக்கர விளிம்பைப் பிடிக்கிற பிரேக்னா, ரிம் சூடாகி ட்யூப் வெடிக்கும். ஹைட்ராலிக் டிஸ்க்னா, அதாவது சக்கர நடுவுல இருக்கிற தட்டை ஆயில் அழுத்தத்துல பிடிக்கிற பிரேக்னா, உள்ள இருக்கிற ஆயில் கொதிச்சு லீவர் ஹேண்டில் வரைக்கும் மெத்துன்னு வந்துடும், பிரேக்கே பிடிக்காது.

விடாம லேசா பிடிக்கிறதுதான் தப்பு. நேர் ரோட்டுல கொஞ்சம் விடுங்க, நிமிர்ந்து உக்காருங்க, காத்தே நெஞ்சுல மோதி பாதி பிரேக் போடும். கொண்டை ஊசி வளைவுக்கு முன்னாடி, சைக்கிள் நேரா நிக்கும்போதே, ரெண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடிச்சு வேகத்தை நல்லா குறைச்சு, வளையும்போது விட்டுடுங்க. வளைவுக்குள்ள போயிட்டு முன் பிரேக்கை அழுத்தினா, மணல் இருந்தா போச்சு. கண்ணு வளைவோட கடைசியைப் பாக்கணும், பள்ளத்தைப் பாத்தா சைக்கிளும் அங்கதான் போகும். கை மரத்துச்சுன்னா நின்னு உதறிட்டுப் போங்க, நிக்கும்போது டிஸ்க்கைத் தொட்டுப் பாக்கிற ஆசை வேண்டாம், தோல் ஒட்டிக்கும்.

அப்புறம் உச்சியில வேர்வையோட நிக்கும்போதே ஜாக்கெட்டைப் போட்டுக்கோங்க. 1,000 மீட்டர் உயரத்துக்கு சுமார் 6 டிகிரி குளிர் கூடும், அதுல ஈர பனியனோட இறங்கினா விரல் விறைச்சு பிரேக் லீவரையே அழுத்த முடியாது.

கேள்வி: வெளிநாட்டுல ஒரே ஒரு மலை ரூட் போகலாம்னா எதைச் சொல்வீங்க?

பதில்: அமெரிக்காவுல ப்ளூ ரிட்ஜ் பார்க்வே. ஷெனன்டோவா, கிரேட் ஸ்மோக்கி மவுன்டன்ஸ்னு ரெண்டு தேசியப் பூங்காவை இணைக்கிற 755 கிலோமீட்டர் மலை முகட்டு ரோடு. 1935ல வேலை ஆரம்பிச்சு 1987லதான் கடைசித் துண்டு முடிஞ்சுது. லாரி மாதிரி வணிக வண்டிகளுக்கு அனுமதி இல்ல, பெரும்பாலான இடத்துல வேக வரம்பு மணிக்கு 72 கிலோமீட்டர், சைக்கிள்காரனுக்கு இதைவிட என்ன வேணும். 26 சுரங்கம் இருக்கு, முன்னாடி வெள்ளை, பின்னாடி சிவப்பு லைட்டோ ரிஃப்ளெக்டரோ இல்லாம உள்ள போகக் கூடாது. ரோட்டோட உச்சி 1,845 மீட்டர்.

ஆனா இதோட கஷ்டம் எங்க இருக்குன்னா, ரோடு முகட்டு மேலயே போகுது, ஊரெல்லாம் கீழ. தண்ணி, சாப்பாடுன்னு ஊருக்கு இறங்கினா திரும்பி அத்தனையும் ஏறணும். அதனால மேலயே கிடைக்கிற இடங்களைக் குறிச்சு வச்சுக்கிட்டு ரெண்டு பாட்டில் கூடவே எடுத்துக்கோங்க. 2024 செப்டம்பர்ல ஹெலீன் புயல்ல பல இடத்துல ரோடு சேதமாச்சு, எந்தப் பகுதி திறந்திருக்குன்னு பூங்கா நிர்வாகத்தோட அறிவிப்பைப் பாத்துட்டு டிக்கெட் போடுங்க.

கேள்வி: பூங்காவுக்குள்ள சைக்கிளுக்கு தனி ரூல்ஸ் உண்டா?

பதில்: பூங்காவுக்குப் பூங்கா மாறும். பொதுவா ரோட்டுல ஓட்டலாம், நடைபாதையில கூடாது, நினைச்ச இடத்துல டென்ட் போடக் கூடாது. நேரக் கட்டுப்பாடும் இருக்கலாம், அமெரிக்காவுல க்ளேசியர் தேசியப் பூங்காவோட மலை ரோட்டுல சீசன் நேரத்துல சில குறுகலான பகுதிகள்ல பகல் 11லேர்ந்து 4 வரை சைக்கிளுக்குத் தடை போடற வழக்கம் இருக்கு. மிருகம் ரோட்டுல நின்னா பெல் அடிக்காம, பக்கத்துல போகாம, அது போற வரைக்கும் காத்திருங்க.

கேள்வி: நானும் வீட்டுக்காரரும் சேர்ந்து போறோம். அவர் ஏத்தத்துல முன்னாடி போய் நின்னு போன் பாத்துக்கிட்டு இருக்கார், நான் போய்ச் சேர்ந்ததும் உடனே கிளம்பிடறார். எனக்கு ரெஸ்டே இல்ல. டூரே வேண்டாம்னு தோணுது.

பதில்: டூரை விடாதீங்கம்மா, மூட்டையை மாத்துங்க. ஏத்தத்துல வேகத்தை முடிவு பண்றது ஒரு கிலோவுக்கு எத்தனை வாட்டுங்கிறதுதான். நீங்க 100 வாட், சைக்கிள் மூட்டையோட 85 கிலோ, அவர் 130 வாட், 100 கிலோன்னு வைங்க. உங்களுக்கு கிலோவுக்கு 1.18 வருது, அவருக்கு 1.3. உங்க பையிலேர்ந்து வெறும் 5 கிலோ, அதாவது டென்டையும் ஸ்டவ்வையும், அவர் பக்கம் மாத்தினா உங்களுக்கு 1.25, அவருக்கு 1.24ன்னு ரெண்டு பேரும் கிட்டத்தட்ட ஒண்ணாயிடுவீங்க, பேசிக்கிட்டே ஏறலாம். நிஜ எடையை வீட்டுல மெஷின்ல போட்டுப் பாத்து பிரிச்சுக்கோங்க. அதுக்கப்புறமும் அவர் முன்னாடி போனா, ரெஸ்ட் நேரம் நீங்க வந்து சேர்ந்ததுலேர்ந்துதான் ஆரம்பம்னு கிளம்பும் முன்னாடியே பேசி வச்சுக்கோங்க.

முதல் டூருக்கு பழைய ரயில் தடத்தை சைக்கிள் பாதையா மாத்தின ரூட் எடுத்தா இன்னும் நல்லது. ரயில் செங்குத்தா ஏறாதுங்கிறதால சரிவு ரொம்ப மெதுவா இருக்கும். இங்கிலாந்துல பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவுல மான்சால் டிரெயில்னு ஒண்ணு, 1968ல மூடின ரயில் பாதை, 2011ல சுரங்கங்களையும் திறந்துட்டாங்க, மொத்தமே 14 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. இதுல மட்டும் உங்க வீட்டுக்காரர் முன்னாடி ஓடறதுக்கு ஏத்தமே கிடைக்காது.